தேய்மானக் கணக்கில் இல்லாதவள்

1972இல் வெளிவந்த 'வளர்ச்சியின் எல்லைகள்' அறிக்கைக்கு அடிப்படையாக இருந்த கணினி மாதிரியின் பெயர் 'வேர்ல்டு 3'. மக்கள்தொகை, தொழில், வேளாண்மை, மீண்டும் உருவாகாத இயற்கை வளம், மாசு ஆகிய ஐந்தும் 1900 முதல் 2100 வரை ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கும் என்று கணக்கிட்டுக் காட்டிய மாதிரி அது. அதில் பெண்ணுக்கு ஓர் இடம் உண்டு. ஓராண்டில் எத்தனை குழந்தைகள் பிறக்கும் என்று சொல்லும் சமன்பாட்டில், 15 முதல் 44 வயது வரையுள்ள மக்களின் எண்ணிக்கையை 0.5ஆல் பெருக்குகிறார்கள். மக்களில் பாதிப் பேர் பெண்கள் என்பதற்காக அந்த 0.5. ஒரு பெண் உடலளவில் பெறக்கூடிய குழந்தைகளின் உச்ச எண்ணிக்கை 12 என்று வைத்துக்கொண்டு, உடல்நலம், விருப்பம், கருத்தடை வசதி ஆகியவற்றுக்கு ஏற்ப அதைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள்.

இதே மாதிரியில் உழைப்பாளர்கள் யார்? 15 முதல் 64 வயது வரையுள்ளவர்களில் 75 விழுக்காட்டினர். மீதிக் கால்பங்கினர் பகலெல்லாம் என்ன செய்கிறார்கள் என்று சொல்ல ஒரு சமன்பாடும் இல்லை. உழைப்பாளர் என்று எண்ணப்பட்ட முக்கால்பங்கினரும் காலையில் சோறு தின்றுவிட்டுத்தான் வேலைக்குப் போயிருப்பார்கள். அந்தச் சோறு எப்படி வெந்தது என்பதற்கும் சமன்பாடு இல்லை. ஆனால் இயந்திரத்துக்குத் தேய்மானம் உண்டு. தொழில் மூலதனத்தின் சராசரி ஆயுள் 14 ஆண்டுகள் என்று அந்த மாதிரி வைத்திருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் பதினான்கில் ஒரு பங்கு தேய்ந்து கழியும். அதை ஈடுகட்ட முதலீடு செய்யாவிட்டால் உற்பத்தி சரியும். இயந்திரம் தேயும் என்று தெரிந்த மாதிரிக்கு, அதை இயக்குபவனைத் தினமும் மீண்டும் வேலைக்குத் தகுதியாக்கும் பெண்ணும் தேய்வாள் என்று தெரியவில்லை. இந்தக் கட்டுரை அந்தத் தெரியாமையைப் பற்றியது.

'சிஸ்டம் டைனமிக்ஸ்' என்று அழைக்கப்படும் இத்துறையைத் தமிழில் அமைப்பு இயக்கவியல் என்று சொல்லலாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் மின்பொறியாளராக இருந்த ஜே ஃபாரஸ்டர், 1950களின் பிற்பகுதியில் தொழிற்சாலைச் சிக்கல்களை ஆராய இதை உருவாக்கினார். இதன் அடிப்படை எளிது. ஒரு தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் இருப்பது இருப்பு. குழாய் வழியே வருவதும் வடிகால் வழியே போவதும் ஓட்டங்கள். தொட்டி நிறையும்போது மிதவை உயர்ந்து குழாயை அடைப்பது பின்னூட்டம். குழாயைத் திறந்தும் தண்ணீர் வரச் சற்று நேரமாவது தாமதம். மக்கள்தொகை, வீடுகள், நிலத்தடி நீர், வேலைவாய்ப்பு என எதையும் இந்த நான்கு சொற்களால் வரைந்து, ஒன்றோடொன்று இணைத்து, ஐம்பது ஆண்டுகள் ஓடவிட்டுப் பார்க்கலாம்.

வட்டாரத் திட்டமிடலில் இந்த முறைக்கு மதிப்பு இருக்கிறது. சாலை போட்டால் நெரிசல் குறையும் என்று திட்டமிடுபவர் நினைக்கிறார். சாலை அகன்றதும் வாகனங்கள் கூடுகின்றன. சில ஆண்டுகளில் நெரிசல் பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது. ஆழ்துளைக் கிணறு தோண்டினால் விளைச்சல் கூடும். எல்லோரும் தோண்டினால் நீர்மட்டம் இறங்கும். இறங்கினால் இன்னும் ஆழமாகத் தோண்ட வேண்டும். நேர்க்கோட்டில் சிந்திக்கும் நிர்வாகத்துக்கு, விளைவு சுற்றிக்கொண்டு வந்து காரணத்தையே மாற்றும் என்பதைக் காட்ட இந்த மாதிரிகள் உதவுகின்றன. நீடித்த வளர்ச்சி, நல்வாழ்வு என்று இன்று பேசும் திட்டங்கள் பலவற்றில் இந்தச் சிந்தனையின் சாயல் இருக்கிறது. ஆகவே இது பொறியாளர்களின் விளையாட்டு என்று பெண்ணியம் ஒதுக்கிவிட முடியாது. ஒரு பிரதியை வாசிப்பதுபோல ஒரு மாதிரியையும் வாசிக்க வேண்டியிருக்கிறது: யார் இதில் பாத்திரம், யார் பின்னணி, யார் காணாமல் போனவர்?

அப்படி வாசிக்க மிகவும் பொருத்தமான பிரதி ஃபாரஸ்டர் 1969இல் வெளியிட்ட 'நகர இயக்கவியல்'. பாஸ்டன் நகரின் மேயராக 1960 முதல் 1968 வரை இருந்த ஜான் காலின்ஸ் பதவிக்காலம் முடிந்து அதே நிறுவனத்துக்கு வந்தபோது, இருவருக்கும் இடையே நடந்த உரையாடல்களிலிருந்து பிறந்த நூல் அது. நகர மக்களை அது மூன்றாகப் பிரிக்கிறது: மேலாளர்கள் மற்றும் வல்லுநர்கள், தொழிலாளர்கள், போதிய வேலையற்றோர். ஒவ்வொரு வகையினருக்கும் ஒரு வகை வீடு. மாதிரியை ஓடவிட்டு ஃபாரஸ்டர் கண்ட முடிவு அன்றைக்குப் பலரை அதிரவைத்தது. ஏழைகளுக்குக் குறைந்த விலையில் வீடு கட்டிக்கொடுத்தால் நகரம் சீரழிகிறது; அதற்கு மாறாக ஆண்டுக்கு 5 விழுக்காடு குடிசைப்பகுதி வீடுகளை இடித்து, அந்த நிலத்தில் புதிய தொழில்களை ஊக்குவித்தால் நகரம் செழிக்கிறது.

இந்த முடிவு எப்படி வந்தது என்று பார்க்க, நூலின் மையக் கோட்பாட்டை விட்டுவிட்டு அதன் மாறிலிகளுக்குப் போக விரும்புகிறேன். மாறிலி என்றால் மாதிரி எத்தனை ஆண்டுகள் ஓடினாலும் மாறாமல் நிறுத்தி வைக்கப்பட்ட எண். குடும்ப அளவு அப்படி ஒன்று. மேலாளர் குடும்பத்தில் 5 பேர், தொழிலாளர் குடும்பத்தில் 6 பேர், போதிய வேலையற்றவர் குடும்பத்தில் 8 பேர். அதாவது மாதிரி எண்ணுவது உழைப்பாளியை மட்டும். மற்றவர்கள் அவருடைய பெருக்குத் தொகை. அடுத்து, ஒவ்வொருவருக்காகவும் நகராட்சி ஆண்டுக்கு எவ்வளவு வரிப்பணம் செலவிட வேண்டியிருக்கிறது என்பதற்கும் மாறிலிகள் உண்டு: மேலாளர் குடும்பத்தவருக்குத் தலைக்கு 150 டாலர், தொழிலாளர் குடும்பத்தவருக்கு 200, போதிய வேலையற்றவர் குடும்பத்தவருக்கு 300.

இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். மேலாளர் குடும்பம் நகரத்துக்கு 750 டாலர் செலவு. ஏழைக் குடும்பம் 2400 டாலர் செலவு. அந்த எட்டுப் பேரில் ஒருவர் உழைப்பாளி. மற்ற ஏழு பேர் வரிப்பணத்தைத் தின்பவர்கள். அந்த ஏழு பேரில்தான் மனைவி இருக்கிறாள், தாய் இருக்கிறாள், தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும் மூத்த மகள் இருக்கிறாள். அவர்கள் செய்யும் எதுவும் நகரத்துக்கு வரவாக எந்தச் சமன்பாட்டிலும் நுழையவில்லை. அன்றைய அமெரிக்க நகரங்களில் வேலைக்குச் சென்ற கறுப்பினப் பெண்களில் பலர் பிறர் வீடுகளில் சமைத்தும் துவைத்தும் பிள்ளை வளர்த்தும் பிழைத்தார்கள். மேலாளர் குடும்பம் தலைக்கு 150 டாலரில் முடிந்துபோவதற்குக் குடிசைப் பகுதியிலிருந்து காலையில் பேருந்து ஏறி வரும் ஒரு பெண்ணும் காரணமாக இருக்கலாம். அந்த இரண்டு வீடுகளையும் இணைக்கும் அம்புக்குறி மாதிரியில் இல்லை. இல்லாததால், அவள் வீட்டை இடித்தால் லாபம் என்று கணக்கு சொல்கிறது.

இடித்தபின் அவள் எங்கே போகிறாள்? நகரத்தைச் சுற்றி எல்லையற்ற வெளிச்சூழல் ஒன்று இருப்பதாக ஃபாரஸ்டர் வைத்துக்கொள்கிறார். நகரம் கவர்ச்சியாக இருந்தால் அங்கிருந்து மக்கள் வருவார்கள். கவர்ச்சி குறைந்தால் அங்கே போய்விடுவார்கள். போனவர்களின் வாழ்வு மாதிரியின் பொறுப்பு அல்ல. பெண்களின் உழைப்பு விலையில்லாமல் வந்துகொண்டிருப்பதும் அந்த எல்லைக்கு அப்பாலிருந்துதான். ஏழைகள் தள்ளிவிடப்படுவதும் அந்த எல்லைக்கு அப்பால்தான். எல்லைக்கோட்டை வரைந்தவர் இரண்டையும் பார்க்க வேண்டியதில்லை.

நல்வாழ்வை அளக்கும்போதும் இதுவே நடக்கிறது. 1971இல் வெளிவந்த 'உலக இயக்கவியல்' நூலில் ஃபாரஸ்டர் வாழ்க்கைத் தரம் என்ற ஒரே எண்ணை உருவாக்கினார். உணவு, பொருள் வசதி, நெரிசல், மாசு ஆகிய நான்கிலிருந்து அது கணக்கிடப்பட்டது. ஓய்வு அதில் இல்லை. இரவில் தெருவில் நடக்கும் பாதுகாப்பு இல்லை. வேண்டாம் என்று சொல்லும் உரிமை இல்லை. 'வளர்ச்சியின் எல்லைகள்' நூலின் முப்பதாண்டுப் பதிப்பு 2004இல் வந்தபோது, ஐக்கிய நாடுகளின் மனித மேம்பாட்டுக் குறியீட்டைப் பின்பற்றி ஆயுள், கல்வி, பொருளாதார உற்பத்தி ஆகியவற்றைக் கொண்ட நல்வாழ்வுக் குறியீடு சேர்க்கப்பட்டது. முன்னேற்றம்தான். ஆனால் நீண்ட ஆயுளோடும் பட்டத்தோடும் நாளெல்லாம் அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்கு அந்தக் குறியீடு நல்ல மதிப்பெண்ணையே போடும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். மாதிரி என்றாலே சுருக்கம். எல்லாவற்றையும் சேர்த்தால் அது உலகமாகவே ஆகிவிடும். 'வேர்ல்டு 3' புவியின் தாங்குதிறனைப் பற்றிப் பேச வந்தது. அடுப்படியைப் பற்றிப் பேசவில்லை என்று அதைக் குறை சொல்லலாமா? இந்த மறுப்பை நான் மதிக்கிறேன். விட்டுவிடுவது குற்றமல்ல. ஆனால் விட்டதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. மாறாமல் நிறுத்தி வைத்த எண்ணை ஒருமுறை அவிழ்த்துவிட்டுப் பாருங்கள். முடிவு மாறவில்லை என்றால் அது சுருக்கம். முடிவு தலைகீழாகிவிட்டால், அங்கே சுருக்கம் என்ற பெயரில் ஒரு தீர்மானம் எடுக்கப்பட்டிருக்கிறது.

பராமரிப்பு உழைப்பை அப்படி அவிழ்த்துப் பார்ப்போம். ஒரு வட்டாரத்தில் செலவைக் குறைப்பதற்காக மருத்துவமனையில் நோயாளிகள் தங்கும் நாள்களைக் குறைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கணக்கேட்டில் அதே ஆண்டு சேமிப்பு தெரிகிறது. அறுவைச் சிகிச்சை முடிந்து ஐந்தாம் நாள் வரவேண்டியவர் இரண்டாம் நாளே வீடு வருகிறார். அந்த மூன்று நாள்களின் செவிலியர் வேலையை மனைவியோ மகளோ மருமகளோ செய்கிறாள். அவள் கூலி வேலைக்குப் போவது குறைகிறது. வீட்டு வருமானம் குறைகிறது. முதலில் குறைவது அவளுடைய தட்டில் விழும் உணவு. தூக்கமும் குறைகிறது. சில ஆண்டுகள் கழித்து இரத்தசோகையோடும் இடுப்புவலியோடும் அதே மருத்துவமனை வாசலில் அவள் வந்து நிற்கிறாள். இது ஒரு பின்னூட்டச் சுழல். நடுவே நீண்ட தாமதம். ஃபாரஸ்டர் கற்பித்த முறையிலேயே இதை வரையலாம். வரைந்தால், சேமிப்பு என்று எழுதப்பட்ட தொகை ஒரு பெண்ணின் உடலிலிருந்து வாங்கிய கடன் என்று தெரியும்.

இதை வரையும்போது ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நேரத்தைத் தொட்டியாக வரைய முடியாது. நேற்று மிச்சமான ஒரு மணி நேரத்தை இன்றைக்கு எடுத்துவைக்க இயலாது. நாளுக்கு 24 மணி நேரம் என்பது எல்லோருக்கும் ஒரே ஓட்டம். தொட்டியாக வரைய வேண்டியது அவளுடைய உடல்நலத்தையும் மன வலிமையையும். உணவு, தூக்கம், சிகிச்சை, தனக்கென்று கிடைக்கும் பொழுது ஆகியவை உள்ளே வரும் குழாய்கள். பராமரிப்பு வேலை வடிகால். வடிவது வருவதைவிடக் கூடினால் தொட்டி வற்றும். ஷிரின் ராய், கேத்தரின் ஹோஸ்கின்ஸ், டானியா தாமஸ் ஆகிய மூவரும் 2014இல் எழுதிய கட்டுரையில் இந்த வற்றுதலைச் சமூக மறுஉற்பத்தியின் விலையாகப் பெயரிட்டுப் பேசினார்கள். நம்மிடம் அதற்குப் பொருத்தமான சொல் ஏற்கெனவே கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது: தேய்மானம்.

தரவு இல்லை என்ற பதில் இனிச் செல்லாது. 1988இல் நியூசிலாந்தின் மரிலின் வேரிங், தேசியக் கணக்குகள் பெண்களின் உழைப்பை எப்படி ஒன்றுமில்லாததாக எண்ணுகின்றன என்று ஒரு நூலே எழுதினார். இந்தியாவில் 1998–99இல் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் முன்னோட்டமாக நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடந்தது. 2019இல் அது நாடு முழுவதும் நடந்தது. ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 81.2 விழுக்காட்டினர் ஊதியமில்லாத வீட்டு வேலை செய்தார்கள், ஆண்களில் 26.1 விழுக்காட்டினர். செய்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், பெண் அதற்குச் செலவிட்டது நாளொன்றுக்கு 299 நிமிடம், ஆண் 97 நிமிடம். இந்த எண்கள் அரசு அறிக்கையிலேயே இருக்கின்றன. நீர்த் திட்டத்துக்கும் போக்குவரத்துத் திட்டத்துக்கும் மாதிரி வரைபவர் மழையளவு ஏட்டைப் புரட்டுவதுபோல இதையும் புரட்டலாம்.

ஆனால் எண்ணைச் சேர்த்துவிட்டால் போதுமா? இந்தக் கேள்விக்கு அந்தத் துறைக்குள்ளிருந்தே ஒரு பெண் பதில் சொல்லியிருக்கிறார். 'வளர்ச்சியின் எல்லைகள்' நூலின் முதல் ஆசிரியர் டொனெல்லா மெடோஸ். உயிர் இயற்பியலில் ஆய்வுப் பட்டம் பெற்றவர், 2001இல் மறைந்தார். ஓர் அமைப்பை மாற்ற எங்கே கை வைக்க வேண்டும் என்று 1999இல் அவர் ஒரு பட்டியல் போட்டார். பன்னிரண்டு இடங்கள். அவற்றில் மிகக் குறைந்த வலிமை கொண்டது மாறிலிகளையும் எண்களையும் மாற்றுவது. அதற்கு மேலே பின்னூட்டங்கள், தகவல் யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பது, விதிகள், அமைப்பின் நோக்கம் என்று ஏறிக்கொண்டே போய், உச்சிக்கு அருகில் அந்த அமைப்பை உருவாக்கிய மனப்பாங்கு நிற்கிறது.

மெடோஸின் இந்தப் பட்டியலை அவரும் சேர்ந்து உருவாக்கிய மாதிரியின் மீதே வைத்துப் பார்க்க விரும்புகிறேன். 0.5 என்பதைத் திருத்துவதும் எட்டுப் பேரை ஏழாக்குவதும் பன்னிரண்டாம் இடத்து வேலை. திட்ட அறிக்கைகளில் 'பாலினம்' என்று ஓர் அத்தியாயத்தைச் சேர்ப்பதும் அதே இடத்தைச் சேர்ந்ததுதான். வடிகாலை அளந்து எழுதிவிட்டு அதைத் தொடர்ந்து ஓடவிடுவதற்குப் பெயர் மாற்றம் அல்ல. 299 நிமிடம் என்று தெரிந்தபின் அந்த நிமிடங்களைப் பொதுச் சமையலறைக்கும் குழந்தைக் காப்பகத்துக்கும் ஆணின் கைகளுக்கும் மாற்றுவது விதிகளைத் தொடும் வேலை. ஒரு வட்டாரத்தின் நோக்கம் உற்பத்தி பெருகுவதா, அங்கே வாழ்பவர்களின் உடல் வற்றாமல் இருப்பதா என்று கேட்பது இன்னும் மேலே உள்ள வேலை.

மனப்பாங்கு மாற வேண்டுமென்றால், வரைபடத்தின் முன் யார் எழுதுகோலோடு உட்காருகிறார் என்பதும் மாற வேண்டும். இதற்கு முன்னுதாரணங்கள் உண்டு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பீட்டர் ஹவ்மண்ட், மக்களே தங்கள் பிரச்சினைக்கு மாதிரி வரையும் முறையை வளர்த்து 2014இல் நூலாக வெளியிட்டார். அவரும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் ஆராய்ந்த ஒரு கேள்வி நமக்கு நெருக்கமானது. குடும்ப வன்முறை வழக்கில் கைது கட்டாயம் என்ற விதி வந்தபின், அடிபட்ட பெண்களே கைதாகத் தொடங்கியது ஏன்? பெண்களைக் காக்க வந்த விதி, காவல்துறையின் அன்றாட நடைமுறைக்குள் புகுந்து சுற்றி வந்து பெண்களையே பிடித்தது. இதைக் காணப் பின்னூட்டச் சிந்தனை தேவைப்பட்டது. எந்தப் பின்னூட்டத்தைத் தேட வேண்டும் என்று சொல்ல, அடிபட்ட பெண்களின் அனுபவம் தேவைப்பட்டது.

இந்தியக் கிராமங்களிலும் இந்த முறை வந்திருக்கிறது. புகையில்லாத அடுப்பு சில வீடுகளில் நிலைப்பதும் சில வீடுகளில் மூலைக்குப் போவதும் ஏன் என்று மக்களோடு உட்கார்ந்து வரைந்து பார்க்கும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது விலை, எரிவாயு விநியோகம், பழக்கம் என்று தெரியும். அடுப்பின் முன் உட்காருபவளிடம் எழுதுகோலைக் கொடுத்தால் வேறொரு சுழல் வரும் என்பது என் எண்ணம். சிலிண்டருக்குக் காசு வேண்டும், காசு கணவன் கையில். விறகுக்குக் காசு வேண்டாம், அவள் நடந்தால் போதும். அவள் நடைக்கு விலை போடாதவரை விறகு 'இலவசம்'. இலவசம் இருக்கும்போது வீட்டில் யாரும் சிலிண்டருக்குக் காசு எடுக்கப்போவதில்லை.

மக்கள் வரைவதால் மட்டும் எல்லாம் நேராகிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஒரே பாயில் உட்கார்ந்தாலும் நிலமுள்ள வீட்டுப் பெண்ணும் அந்த நிலத்தில் நாற்று நடும் தலித் பெண்ணும் ஒரே துணிச்சலோடு பேசுவதில்லை. யாருடைய சொல் அம்புக்குறியாக மாறுகிறது, யாருடைய சொல் பேச்சோடு நிற்கிறது என்பதில் சாதியும் வர்க்கமும் வயதும் வேலை செய்யும். நாம் வரையும் மாதிரிக்கும் ஓர் எல்லைக்கோடு இருக்கும். அதற்கு வெளியே நிற்பவள் யார் என்று நாமும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த நூலை வாசிக்கும் மாணவிகளில் சிலர் நாளை பொருளியல், புவியியல், நகரத் திட்டமிடல், பொதுச் சுகாதாரம் என்று ஏதாவது ஒரு துறையில் இத்தகைய மாதிரிகளைச் சந்திப்பீர்கள். கணிதம் உங்களை விலக்கி நிறுத்த விடாதீர்கள். 'நகர இயக்கவியல்' நூலில் நான் மேலே பயன்படுத்தியது பெருக்கல் மட்டுமே. முதலில் மாறிலிகளின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அதில் எந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு பெண் மாறாமல் நிறுத்தப்பட்டிருக்கிறாள் என்று பாருங்கள். எல்லைக்கோட்டைக் கேளுங்கள்: அதைத் தாண்டி விலையில்லாமல் உள்ளே வருவது எது, கணக்கில்லாமல் வெளியே தள்ளப்படுவது யார்? பிறகு சேமிப்பு என்று எழுதியிருக்கும் ஒவ்வொரு வரிக்கும் நேராக, அந்த வேலை இப்போது யார் கைக்குப் போயிருக்கிறது என்று எழுதிப் பாருங்கள். இயந்திரத்துக்கு 14 ஆண்டு என்று ஆயுள் எழுதியவர்களிடம், அந்தக் கைகளுக்கு எத்தனை ஆண்டு எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.